கூலியைக் குறைத்தால் வேலை பெருகுமா?

"அரசாங்கம் கூலியை உயர்த்திவிட்டது, இனி இளம்பிள்ளைகளுக்கு யார் வேலை கொடுப்பார்?" என்னும் பேச்சு மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கேட்கிறது. எழுவான்கரையின் கடைத்தெருவில் வணிகர் இதனைச் சொல்கின்றனர். படுவான்கரையில் வேளாண்மை செய்வோர் இதற்குத் தலையசைக்கின்றனர். நகரத்தில் அலுவலகம் வைத்து நடத்தும் படித்த பெருமக்களுள்ளும் இதனை ஒப்புக்கொள்வோர் பலர். இவ்வாறு சொல்வோர் அனைவரும் தீய எண்ணங் கொண்டோர் அல்லர். தம் பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிக் கவலையுறுவோரும் அவர்களுள் உளர். ஆதலின் இவ்வாதத்தை எள்ளி நகையாடாது, உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே முறையாகும்.

முதலில் சட்டம் கூறுவது யாது என்பதை அறிந்துகொள்வோம். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமே இந்நாட்டில் தனியார் துறைத் தொழிலாளர் அனைவர்க்கும் பொதுவான ஆகக்குறைந்த கூலியை முதன்முதலாக வகுத்தது. அன்று அது மாதம் 10,000 ரூபா. நாளொன்றுக்கு 400 ரூபா. 2021 ஆகஸ்ட் மாதத்தில் 12,500 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 17,500 ரூபாவாகவும் உயர்ந்தது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தையடுத்து வந்த திருத்தம், அவ்வாண்டு ஏப்ரல் முதல் 27,000 ரூபா எனவும், 2026 சனவரி முதல் 30,000 ரூபா எனவும் விதித்தது. நாட்கூலி 1,200 ரூபாவாயிற்று. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, மூத்தவனுக்கு ஒன்று, இளையவனுக்கு ஒன்று என்று இச்சட்டம் பிரித்துப் பேசவில்லை.

முதலாளியின் கணக்கையும் பார்ப்போம். 30,000 ரூபா சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதிக்கென நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 3,600 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கென நூற்றுக்கு மூன்று வீதம் 900 ரூபாவும் அவர் செலுத்தல் வேண்டும். ஆக 34,500 ரூபா. "க.பொ.த. சாதாரணதரம் எழுதிவிட்டு வந்த பிள்ளை முதலாண்டிலே இத்தொகைக்கு உழைக்குமா? உழைக்காதெனின் நான் ஏன் அதனைச் சேர்க்க வேண்டும்? இளைஞருக்கென்று குறைந்த கூலி ஒன்றை வகுத்தால் பத்துப் பேரை வைத்துக்கொள்வேனே!" என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயம்போலவே தோன்றுகிறது. ஆனால் இந்நாட்டு வரலாறும் இம்மாவட்டத்தின் நடப்பும் இதற்கு உடன்படவில்லை என்பதே நம் கருத்து.

பழைய பாடம்

வயதைப் பார்த்துக் கூலி வகுக்கும் யோசனை இலங்கைக்குப் புதிதன்று. தோட்டங்களில் உழைத்த இந்தியத் தொழிலாளர்க்கென 1927ஆம் ஆண்டிலே ஆகக்குறைந்த கூலிச் சட்டம் பிறந்தது. அதன் கீழ் வகுக்கப்பட்ட கூலி ஆணுக்கு ஒன்றாகவும், பெண்ணுக்கு அதனிற் குறைவாகவும், சிறுவர்க்கு அதனினும் குறைவாகவும் இருந்தது. இதனாற் சிறுவர் வாழ்வு மலர்ந்ததா? பள்ளிக்கூடத்திலே இருக்கவேண்டிய பிள்ளையின் கையிற் கூடை கொடுக்கப்பட்டது. குறைந்த கூலி என்பது இளையோர்க்குத் திறந்த வாயில் ஆகவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகத்தை ஒரே படியில் நிறுத்திவைத்த விலங்காயிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டங்களில் ஒரே கூலி கிடைப்பதற்கு 1984ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் அடுத்த படி. முதலாளிகள், தொழிலாளர், அரசின் நியமனம் பெற்றோர் ஆகிய முத்தரப்பினரும் ஒருங்கிருந்து தொழிலுக்குத் தொழில் கூலி வகுக்கும் முறையை அது கொணர்ந்தது. தோட்டம், துறைமுகம், தொழிற்சாலை ஆகியவற்றில் அணிதிரண்டு நின்ற தொழிலாளரே அதனாற் பெரிதும் பயன்பெற்றனர். அணிதிரள வழியற்ற கடைப் பையனும் வயற்கூலியும் எட்டி நின்றே பார்த்தனர்.

ஆகக்குறைந்த கூலி என்பது அரசர்கள் இரங்கி ஈந்த பிச்சையன்று என்பதைத் தமிழராகிய நாம் மறத்தலாகாது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பராயின. அவர்களும் அவர்களைச் சார்ந்தோரும் செய்த குற்றம், கூலியாகச் சற்றுக் கூடுதல் நெல் கேட்டமையே. அதன் பின்னரே 1969இல் தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளர்க்கு நியாயக் கூலி வகுக்கும் சட்டம் வந்தது. கூலிக்கு ஓர் அடித்தளம் வேண்டும் என்னும் கொள்கைக்குத் தமிழ் நிலத்தில் இவ்வளவு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

கூலி குறைந்திருந்த காலத்தில் வேலை இருந்ததா?

கூலி உயர்வே இளைஞரின் வேலையைப் பறிக்கின்றது எனின், கூலி தாழ்ந்திருந்த காலத்தில் இளைஞர்க்கு வேலை நிறைந்திருந்திருத்தல் வேண்டும். இருந்ததா என்று பார்ப்போம்.

1971 ஏப்ரலிலே தென்னிலங்கை இளைஞர் ஆயுதமேந்திக் கிளர்ந்தனர். அவ்வாண்டிலே டட்லி சீயர்ஸ் என்னும் பொருளியலறிஞர் தலைமையில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் அனுப்பிய குழு இந்நாட்டின் வேலையின்மையை ஆராய்ந்தது. படித்த இளைஞர் எதிர்நோக்கிய வேலைக்கும் நாட்டில் உள்ள வேலைக்கும் இடையே இருந்த பெரும் பிளவையே அக்குழு சுட்டிக்காட்டியது. அன்று சில தொழில்களுக்குச் சம்பளச் சபைகள் இருந்தனவேயன்றி, எல்லார்க்கும் பொதுவான ஆகக்குறைந்த கூலிச் சட்டம் இருக்கவில்லை. சட்டம் பிறப்பதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நோய் முற்றியிருந்தது. அந்நோய்க்குச் சட்டத்தைக் காரணங் காட்டுவது எவ்வாறு பொருந்தும்?

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் முதல் 2024 செப்டெம்பர் வரை மூன்று ஆண்டுகள் ஆகக்குறைந்த சம்பளம் 12,500 ரூபாவிலே அசையாது நின்றது. அதனோடு சேர்ந்த வரவு செலவு நிவாரணப்படி 3,500 ரூபாவைக் கூட்டினாலும் 16,000 ரூபாவே. இம்மூன்று ஆண்டுகளில் விலைவாசி என்ன செய்தது? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை நெருங்கியது. அதாவது, சட்டத்தைத் தொடாமலே, ஓர் எழுத்தையும் மாற்றாமலே, இளைஞனின் கூலி பாதியை நோக்கிச் சரிந்தது. மலிவான உழைப்பை வேண்டியோர்க்கு அதைவிட வாய்ப்பான காலம் வேறில்லை. நிகழ்ந்தது யாது? 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிறநாடுகளுக்கு வேலைதேடிச் சென்றனர். கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன்னே இளைஞர் இரவு பகலாக வரிசையில் நின்றனர்.

அது பொருளாதாரம் முறிந்த காலம். கூலி ஒன்றினால் வந்த வினையன்று என்பர். உண்மையே. நாம் சொல்வதும் அதுவே. தொழில் இருந்தால் வேலை இருக்கும். தொழில் இல்லாவிடத்துக் கூலியை எவ்வளவு தாழ்த்தினும் வேலை முளைக்காது. நாட்டின் மொத்த வேலையின்மை நூற்றுக்கு ஐந்தளவிலே நிற்க, 15 முதல் 24 வயதுக்கு உட்பட்டோரிடையே அது அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு இருபதைத் தாண்டி நின்றது. இந்த இடைவெளி கூலி உயர்ந்த பின்னர் தோன்றியதன்று.

உலகம் கண்டது

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் ஆகக்குறைந்த கூலியை மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியது. அடுத்துள்ள பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், அலன் குரூகர் என்னும் இரு அறிஞர், இளைஞர் பெரிதும் வேலைசெய்யும் துரித உணவுக் கடைகளை இருபுறமும் எண்ணிப் பார்த்தனர். கூலி உயர்ந்த பக்கத்திலே வேலை குறைந்ததாகக் காணவில்லை. 1994இல் வெளிவந்த அவ்வாய்வு கிளப்பிய விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் கூலி உயர்ந்தால் வேலை அழியும் என்பது மாறா விதி என்று சொல்லும் துணிவு அன்றோடு தளர்ந்தது. கார்ட் 2021இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார்.

பிரித்தானியா 1999 ஏப்ரலில் மணிக்கு 3.60 பவுண் என்று கூலி வகுத்தபோது, 18 முதல் 21 வயது வரையானோர்க்கு 3 பவுணே விதித்தது. பின்னர் அவ்வயதெல்லை பலமுறை மாற்றப்பட்டது. 2024 முதல் 21 வயதினர்க்கும் முழுக்கூலி. 18 வயது முதல் அனைவர்க்கும் ஒரே கூலி என்னும் நிலையை எய்துவதே தன் நோக்கம் என அந்நாட்டரசு அவ்வாண்டிலே அறிவித்தது. இளைஞர் கூலியை வகுத்த நாடே அதனைக் கைவிட முனைகையில், நாம் அதனைப் புதிதாக இறக்குமதி செய்வதா?

ஜேர்மனியின் அனுபவம் நமக்கு இன்னும் அணித்தானது. 2015இல் மணிக்கு 8.50 யூரோ என்னும் சட்டம் வந்தபோது, பின்தங்கிய அதன் கிழக்குப் பகுதிகளில் வேலையெல்லாம் அழியும் என்று பலர் எச்சரித்தனர். அவ்வாறு நிகழவில்லை. குறைந்த கூலி கொடுத்த சிறு நிலையங்களிலிருந்து திறமையாக நடத்தப்பட்ட நிலையங்களுக்குத் தொழிலாளர் இடம்பெயர்ந்தமையை ஆய்வாளர் கண்டனர். தொழிற்பயிற்சி முடிக்காத 18 வயதுக்கு உட்பட்டோரை மட்டும் அச்சட்டம் விலக்கி வைத்தது. கூலியின் கவர்ச்சியாற் பயிற்சியை இடையில் விட்டுவிடலாகாது என்பதே அதற்குக் காரணம்.

நம்மிடையே நடப்பது

இனி நம் வீட்டுக் கதவைத் திறந்து பார்ப்போம். கசப்பான உண்மை அங்கேதான் இருக்கிறது. இச்சட்டம் மட்டக்களப்பு இளைஞரின் வேலையைக் கெடுத்துவிட்டது என்கிறோமே, அவர்களுள் எத்தனை பேரை அது சென்று சேர்ந்திருக்கிறது?

காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும்போது வந்து, இரவு கடை பூட்டும்வரை நின்றுகொண்டே விற்பனை செய்யும் யுவதியை நாம் எல்லோரும் காண்கிறோம். அவளுக்குச் சம்பளத் துண்டு இல்லை. சேமலாப நிதி இலக்கம் இல்லை. கேட்டால், "பழகவந்த பிள்ளை" என்கிறார் முதலாளி. 1978ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையிற் பயிலுநரை வைத்துக்கொள்ள இடங்கொடுக்கிறது. ஆனால் அது எழுத்திலான உடன்படிக்கையையும் பயிற்சிக்கு ஒரு கால எல்லையையும் எதிர்பார்க்கிறது. நம் கடைத்தெருவிலோ பழகுங்காலம் இரண்டாண்டு, மூன்றாண்டு எனப் பெருகுகிறது. உடன்படிக்கை வாய்ச்சொல்லோடு நிற்கிறது. பில் எழுதவும் துணி மடிக்கவும் மூன்றாண்டு பழகவேண்டுமா?

மருத்துவர், சட்டத்தரணி, கணக்காளர், தனியார் கல்வி நிலையம் நடத்துவோர் ஆகிய நம் கற்றோரின் நிலை இதனின் வேறா? பெயர் பதியும் பெண்ணுக்கும் கோப்புத் தூக்கும் பையனுக்கும் சட்டம் சொல்லும் தொகையைக் கொடுப்போர் உளர். அவர்களை நாம் வாழ்த்துகிறோம். கொடாதோரும் உளர். இன்னும் ஒருபடி உள்ளே சென்றால், படுவான்கரைக் கிராமத்திலிருந்து நகரத்து வீட்டுக்கு வேலைக்கு வந்த பெண் நிற்கிறாள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுவேலையாளைத் தன் வரம்புக்கு வெளியிலே நிறுத்தியது. கொழும்பு மன்றத்தில் அச்சட்டம் நிறைவேறியபோது அவளுக்காக உரத்துப் பேசியவர் எத்தனை பேர்? அவளே பின்னர் சவூதிக்கும் குவைத்துக்கும் போகிறாள். அடுப்பங்கரை அதேதான், அந்நாட்டுச் சம்பளம் வேறு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கைக்கு வராத கூலி வேலையைப் பறிப்பதும் இல்லை. நம் இளைஞர் வேலையற்று இருப்பது சட்டம் கடித்ததனால் அன்று. சட்டம் எட்டாத தொழில்களில் நின்று பயனில்லை எனக் கண்டு அவர்கள் விலகுவதாலும், வேறு தொழில்கள் இங்கே இல்லாமையாலுமே ஆகும்.

வேளாண்மை செய்வோரின் கேள்வி

விவசாயப் பெருமக்கள் நம்மை நோக்கி, "நெல்லுக்கு விலையில்லாத நாங்கள் கூலிக்கு எங்கே போவோம்?" என்று கேட்கலாம். இக்கேள்வி முற்றிலும் நியாயமானது. 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையின் அடி இன்னும் ஆறவில்லை. 2025இல் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125 ரூபா, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபா என்று கிலோவுக்கு விலை குறித்தது. அதனை அறிவித்ததோ அறுவடை தொடங்கிவிட்ட பெப்ரவரியில். களத்திலேயே நெல்லை விற்றுக் கடன் தீர்க்கவேண்டியவனுக்கு அறுவடையின் பின் வரும் விலையால் யாது பயன்?

எனினும் ஓர் உண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வயலில் ஆணின் நாட்கூலி சட்டத்தின் 1,200 ரூபாவை ஏற்கெனவே கடந்து நிற்கிறது. ஆகவே சட்டம் வேளாண்மை செய்வோரின் கழுத்தை இறுக்கவில்லை. வயற்கூலியின் துன்பம் நாட்கூலியின் அளவில் அன்று, வேலை நாட்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. விதைப்புக்குச் சில நாள். களை பிடுங்கச் சில நாள். வெட்டுக்கு முன்பு ஊரே திரண்டது, இன்று வெட்டு இயந்திரம் வருகிறது. ஆண்டில் எஞ்சிய மாதங்களில் அவ்விளைஞன் யாது செய்வான்? அதே வயலிற் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு ஆணிலும் குறைந்த கூலி கொடுக்கும் வழக்கத்தையும் நாம் மறைத்துப் பேசலாகாது.

சட்டம் மட்டும் தனியே வந்தால் யாது நேரும் என்பதற்கும் வயலிலேயே சான்று உண்டு. 1958ஆம் ஆண்டிலே பிலிப் குணவர்த்தன கொணர்ந்த நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்பு அளித்தது. அப்பாதுகாப்பு வேர்விடும் முன்னரே, நாடெங்கும் ஆயிரக்கணக்கான குத்தகைக்காரரை நிலவுடைமையாளர் வெளியேற்றினர். முன்னாட் குத்தகைக்காரன் சிலவிடங்களில் அதே வயலிற் கூலியாளாக்கப்பட்டான். கேரளத்தின் காயல் நிலமாகிய குட்டநாட்டிலும் பிறவிடங்களிலும் போராடி உயர்த்திய கூலி உழைப்பாளிக்கு மானத்தைத் தந்தது. ஆனால் 1970களில் எட்டு இலட்சம் ஹெக்டேரைத் தாண்டியிருந்த அம்மாநிலத்தின் நெற்பரப்பு, பல காரணங்கள் கூடியமையால், பின்னர் இரண்டு இலட்சம் அளவுக்குச் சுருங்கியது. நெல்லுக்கு விலையும் நிலத்துக்குக் காவலும் இன்றிக் கூலி மட்டும் உயர்ந்தால் போதாது என்பதே இதனால் நாம் கொள்ளவேண்டிய பாடம்.

செய்ய வேண்டுவன

கொழும்புக்கும் வெல்லாவெளிக்கும் ஒரே தொகையை விதிக்கும்போது அதன் பாரம் இரண்டிடத்தும் ஒரே அளவினதன்று. இரண்டு பேரை வைத்துத் திருத்தகம் நடத்தும் கொக்கட்டிச்சோலைச் சிறு தொழிலாளன், கொழும்புப் பெருநிறுவனம் தாங்கும் சுமையைத் தாங்கமாட்டான். இதனை நாம் ஒப்புகிறோம். ஆனால் அதற்கு மருந்து, கிழக்கு மாகாணப் பிள்ளையின் உழைப்பை மலிவு விலைக்கு எழுதிக்கொடுப்பதன்று. சுமையைப் பகிர்ந்துகொள்வதே மருந்து.

முதலாவது, புதிதாக வேலைக்கு வரும் இளைஞரைச் சேர்க்கும் சிறு நிலையங்களுக்கு, முதலாண்டிலே சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் முதலாளி செலுத்தவேண்டிய பங்கை அரசாங்கம் ஏற்கட்டும். ஆளொன்றுக்கு மாதம் 4,500 ரூபா. பெரும் முதலீட்டாளர்க்கு வரிவிலக்கு அளிக்கும் திறைசேரிக்கு இது மலையன்று.

இரண்டாவது, பயிலுநர் என்றால் பயிலுநராகவே இருக்கட்டும். எழுத்திலே உடன்படிக்கை, ஓராண்டு எல்லை, முடிவிலே தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ். பயிற்சி அதிகார சபைகள் இதற்கெனவே இருக்கின்றன. அவற்றின் வாயிலை நம் வணிகர் தட்டவேண்டும்.

மூன்றாவது, தொழில் திணைக்களத்து உத்தியோகத்தர் கடைத்தெருவில் நடக்கவேண்டும். முறைப்பாடு வந்தால் மட்டும் விசாரிப்போம் என்பது, வேலையை இழக்க அஞ்சும் பெண்ணிடம் முறைப்பாட்டை எதிர்பார்ப்பதாகும்.

நான்காவது, நெல்லின் விலையை விதைப்புக்கு முன்னரே அறிவிக்கட்டும். அறுவடையின்போது களஞ்சியம் திறந்திருக்கட்டும்.

ஐந்தாவதும் தலையாயதும் தொழில். வாழைச்சேனைக் காகித ஆலை ஒருகாலத்தில் இம்மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு மாதச் சம்பளத்தையும் ஓய்வுகாலச் சேமிப்பையும் தந்தது. அங்கே வேலைக்குச் சென்ற இளைஞர் மலிவான கூலிக்காகச் சேர்க்கப்பட்டவர் அல்லர். ஆலை இருந்தமையாற் சேர்க்கப்பட்டவர். நெல்லை மூட்டையாக விற்று அரிசியைப் பொதியாக வாங்கும் மாவட்டத்தில், வாவி நிறைய மீனும் இறாலும் இருந்தும் பதனிடும் தொழில் வளராத மாவட்டத்தில், பாலைப் பெருக்கியும் அதனைப் பிறருக்கு ஏற்றி அனுப்பும் மாவட்டத்தில், வேலையின்மைக்குக் கூலியைக் குறைகூறுவது நோயை விட்டு நோயாளியை வைவது போன்றதாகும்.

இம்முயற்சிகள் யாவும் அரசாங்கத்தை மட்டும் நோக்கியன அல்ல. உரிமை வேண்டும், சமத்துவம் வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அதனைக் கேட்டு நிற்கும் கூட்டத்திலே நம் கடையில் நிற்கும் யுவதியும், நம் வயலில் இறங்கும் இளைஞனும், நம் வீட்டுக் கிணற்றடியில் பாத்திரம் துலக்கும் பெண்ணும் இருக்கின்றனர். பிறரிடம் நாம் கேட்கும் நீதியை நம்மிடம் கேட்கும் தகுதி அவர்களுக்கு உண்டு. கொழும்பு தரவேண்டியதைக் கொழும்பிடம் கேட்போம். நாம் தரவேண்டியதை இம்மாத முடிவிலேயே தருவோம். சம்பளத் துண்டும், சேமலாப நிதி இலக்கமும், சட்டம் சொன்ன 30,000 ரூபாவும் தருவதற்கு எந்த அரசியலமைப்புத் திருத்தத்துக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.